குழியில் நிற்பது உங்கள் கிணற்றுத் தண்ணீர்

போன வாரமும் ஒருவர் வந்திருந்தார். நான்கு ஏக்கர் தென்னை, எழுபது அடிக் கிணறு, தோட்டத்துக்கு வடக்கே கல்குவாரி. கிணறு வற்றி இரண்டு கோடை ஆகிவிட்டதாம். "குவாரிக் குழியில நிறைய தண்ணி நிக்குது, போகப் போக உங்க கிணத்துக்கும் ஊறும்னு சொன்னாங்க சார். அதான் பொறுத்திருந்தேன்" என்றார். நிலத்தடி நீர் பார்க்கப் போகிற ஊரிலெல்லாம் இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஐயா, ஊறாது. மண்ணுக்குள்ளும் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும். உங்கள் கிணற்றில் நீர்மட்டம் 40 அடியில் இருந்தது, குவாரியின் தரை 120 அடியில் இருக்கிறது. யார் யாருக்குக் கொடுப்பது? மழை நின்று நான்கு மாதம் கழித்து, சித்திரை வெயிலில், தினமும் இறைத்தும் குழியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை. போர் போடுகிறவர்கள் 'கேப்' என்பார்களே, அந்தப் பாறை வெடிப்பு வழியாகச் சுற்றுக் கிணறுகளிலிருந்து வந்தது. அதை மோட்டார் வைத்து ஓடையில் இறைத்துவிட்டுத்தான் மறுபடி வெடி வைக்கிறார்கள்.

"சென்னைக்கே கல்குவாரித் தண்ணீர் கொடுக்கலையா?" என்பார்கள் அடுத்து. கொடுத்தார்கள். 2017 வறட்சியில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். அவை வேலை நின்றுபோன பழைய குழிகள். அங்கே குழித் தண்ணீரை எடுத்துக் குடித்தார்கள், அவ்வளவுதான். அதை வைத்துப் பக்கத்துக் கிணறு ஊறும் என்று சொல்ல முடியாது.

நின்றுபோன குழியும் சும்மா இருக்காது. நம் உள்மாவட்டங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டராவது ஆவியாகும். ஒரு ஹெக்டேர் குழி என்றால் ஒன்றரைக் கோடி லிட்டர். பாறைக்குள் இருந்தவரை வெயிலே படாமல் இருந்த தண்ணீர்!

அப்புறம் கிராவல். குவாரி உரிமங்களில் 'சாதாரண கற்கள் மற்றும் கிராவல்' என்று சேர்ந்தே வரும். மேலாக இருக்கும் இரண்டு மூன்று மீட்டரை வழித்து ரோடு வேலைக்கு ஏற்றிவிடுவார்கள். பாறைப் பூமியில் மழையைப் பிடித்து வைக்கும் பஞ்சு அந்த மக்கிய அடுக்குதான். கீழே இருக்கும் கருங்கல்லில் வெடிப்பைத் தவிர தண்ணீருக்கு இடம் ஏது?

எம்-சாண்ட் கழுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சேற்று நீரைத் தொட்டியில் தெளியவைத்துத் திரும்பவும் கழுவலாம், செய்கிற இடங்கள் இருக்கின்றன. ஓடையில் விடுவது வெறும் சோம்பேறித்தனம். அந்தக் கல்மாவு படிந்த ஓடையில் மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது.

விவசாயிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. கிணறு வற்றிய பிறகுதான் வருகிறீர்கள். முன்பு எவ்வளவு இருந்தது என்றால் "நிறைய இருந்துச்சு" என்கிறீர்கள். 'நிறைய'வை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடம் பேசுவது? கயிற்றில் கல்லைக் கட்டி, மாதம் ஒரு நாள், காலையில் மோட்டார் போடும் முன் அளந்து நோட்டில் எழுதுங்கள். குவாரி வரப்போகிறது என்று காதில் விழுந்த அன்றே தொடங்குங்கள். தயவுசெய்து, குவாரிக்குத் தள்ளி இரண்டு மூன்று கிலோமீட்டரில் உள்ள ஒரு கிணற்றையும் சேர்த்து அளங்கள். இரண்டும் ஒரே மாதிரி இறங்கினால் வறட்சி என்று சொல்லிவிடுவார்கள், அது நியாயமாகவும் இருக்கலாம். பக்கத்துக் கிணறு மட்டும் இறங்கினால்தான் உங்கள் கையில் ஏதோ இருக்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் சுரங்கத் திட்டத்தின் நகலைக் கேளுங்கள். தோண்டும் ஆழம் எவ்வளவு, நீர்மட்டம் எவ்வளவு என்று அதில் இருக்கும். நீர்மட்டம் 60 மீட்டர் ஆழத்தில் என்று எழுதிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வரப்பில் வாளி போட்டுத் தண்ணீர் சேந்துவதைப் பார்த்திருக்கிறேன். அவசரப்பட்டு ஆயிரம் அடி போர் போட்டுக் கடனாளி ஆகாதீர்கள்.

வந்தவரிடம் நூறு அடிக் கயிறு ஒன்று வாங்கச் சொன்னேன். அவர் கிணற்றில் அளக்க இனி ஒன்றும் இல்லை. தெற்கே அவர் தம்பி கிணற்றில் இன்னும் பன்னிரண்டு அடித் தண்ணீர் நிற்கிறதாம்.