முட்டி வலியா? ஷூவைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்

முட்டி வலி என்று வருகிற பிள்ளைகள் உட்கார்ந்ததும் பேண்ட்டைச் சுருட்டி முட்டியைக் காட்டுவார்கள். நான் முதலில் கேட்பது அவர்கள் வாசலில் கழற்றிப் போட்ட ஷூவை. குதிகாலைப் பிடிக்கும் பகுதி உட்புறமாகச் சாய்ந்து கிடந்தால், வலிக்குக் காரணத்தைப் பாதத்தில் தேடலாம் என்று ஒரு பிடி கிடைக்கும்.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் அறுவடை முடிந்த வயல்தான் பிள்ளைகளுக்கு மைதானம். இங்கே அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபுட்பால். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் கபடி. பறளி, முண்டூர் பள்ளிப் பிள்ளைகள் வாங்கிய பதக்கங்களைப் பார்த்து ஓட வந்தவர்களும் உண்டு. வெடித்த மண், கடன் வாங்கிய ஸ்பைக்ஸ், லீவு விட்டதும் ஒரே வாரத்தில் இரட்டிப்பாகும் பயிற்சி. முட்டி வலிக்கு இதுவே போதும். பாதமும் ஒத்துழைக்காவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கால் தரையில் பட்டதும் உள்வளைவு கொஞ்சம் அமுங்கி, பாதம் உட்பக்கம் சாய வேண்டும். அதிர்ச்சி அப்படித்தான் அடங்குகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை ஏறும். பாதம் சாயும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பும் உட்பக்கம் திரும்பும். அடுத்த கணமே பாதம் நிமிர்ந்து விறைத்தால்தான் உந்தித் தள்ள முடியும். கணைக்காலும் கூடவே வெளிப்பக்கம் திரும்பிவிடும். உள்வளைவு தரையோடு படிந்திருக்கும் தட்டைப் பாதம் உள்ள சிலருக்கு இந்த நிமிர்வு தாமதமாகிறது. மேலே தொடை ஒரு பக்கம் திரும்பப் பார்க்க, கீழே கணைக்கால் இன்னொரு பக்கம் நிற்கிறது. நடுவில் இருக்கும் முட்டிக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி. முட்டிச் சில்லு தன் பள்ளத்தில் நேராக ஓடாமல் வெளிப்பக்கம் உரசும். படி இறங்கும்போதும், குந்தி எழும்போதும், பஸ்ஸில் நெடுநேரம் மடக்கி உட்கார்ந்தாலும் முன்பக்கம் வலிப்பது பெரும்பாலும் இந்தக் கதைதான்.

இடுப்புத் தசையும் பலவீனமாக இருந்தால் குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே விழும். முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார், அதாவது ஏ.சி.எல்., கிழிவது பல சமயம் யாரும் வந்து மோதாமல், இப்படி ஒரு இறக்கத்திலோ திடீர்த் திருப்பத்திலோதான். ஒரே விளையாட்டை ஆடினாலும் பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம்.

வளைவு மிக உயர்ந்த பாதத்தின் தொல்லை வேறு. அது அமுங்காது. அதிர்ச்சி நேராக மேலே போகும், எடை வெளி விளிம்பில் விழும். கணுக்கால் அடிக்கடி பிசகும், பாதத்தின் வெளி விளிம்பு எலும்பில் முறிவுக் கீறல் விழலாம். வளைவு திடீரென்று உயர்ந்துகொண்டே போனாலோ, ஒரே காலில் மட்டும் இருந்தாலோ நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தட்டைப் பாதம் என்றாலே நோய் என்று இங்கே ஒரு பயம் இருக்கிறது. அதற்குப் பாதிக் காரணம் ராணுவ ஆள்சேர்ப்பு. "பட்டாளத்துல எடுக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க சார், இவனுக்கு ஆர்ச் வர்ற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க" என்று பையனை இழுத்துக்கொண்டு வரும் அப்பாக்கள் உண்டு. சின்னக் குழந்தைகளின் பாதம் தட்டையாகத்தான் இருக்கும். வளைவு முதல் பத்து வயதுக்குள் மெல்ல உருவாகிறது. பெரியவர்களிலும் தட்டைப் பாதத்தோடு வலியே இல்லாமல் ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர். பாதத்தின் வடிவத்தை மட்டும் வைத்து யாருக்கு அடிபடும் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வடிவத்துக்கு ஏற்ற ஷூ கொடுத்துப் பார்த்தார்கள். காயங்கள் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. அதனால் கடையில் ஈரக் கால் தடம் எடுத்துக் காட்டி விலை உயர்ந்த ஷூவைத் தலையில் கட்டினால் யோசித்து வாங்குங்கள்.

நான் பார்ப்பது, பாதம் அசைகிறதா என்பதைத்தான். "தம்பி, அந்தப் பக்கம் திரும்பி நுனிக்காலில் நில்லு" என்பேன். பின்னால் நின்று பார்த்தால் குதிகால் உட்பக்கம் திரும்பி, மறைந்திருந்த வளைவு எழும்ப வேண்டும். எழும்பினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லையென்றால் அதை விட்டுவிடலாம். எழும்பாமல் கட்டைபோல் நின்று, பத்துப் பதினைந்து வயதில் கணுக்காலும் அடிக்கடி பிசகுகிறது என்றால், பாத எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அதற்குப் பயிற்சி போதாது, எலும்பு மருத்துவர் பார்க்க வேண்டும்.

அடுத்து, கண்ணாடி முன் ஒற்றைக் காலில் பாதி குந்தச் சொல்வேன். முட்டிச் சில்லு இரண்டாம் விரலுக்கு நேரே நிற்காமல் கட்டைவிரலைத் தாண்டி உள்ளே போனால், பாதத்தோடு இடுப்பையும் பார்த்தாக வேண்டும். ஆடுதசை இறுகியிருந்தாலும் பாதம் தட்டையாகும்; கணுக்கால் மடங்க மறுப்பதைப் பாதத்தின் நடுப்பகுதி ஈடுகட்டும். இதைக் கவனிக்காமல் வளைவுக்கு மட்டும் முட்டுக் கொடுப்பது வீண்.

பயிற்சி எளிது, பொறுமைதான் கடினம். விரல்களை மடக்காமல் முன்பாதத்தைக் குதிகாலை நோக்கி இழுத்து வளைவைத் தூக்குவது; படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்குவது; பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். ஷூவுக்குள் பாதத்தைத் தாங்கும் இன்சோல் வைத்தால் ஆரம்ப வாரங்களில் வலி குறையலாம், அதுவும் பயிற்சியோடு சேர்த்து. ஓடும் தூரத்தை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள்.

விளையாடும்போது 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ அது வேறு சமாசாரம். எண்ணெய் போட்டு உழியக் கூடாது, சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை ஊன்றாமல், அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.