லேப்டாப் திருடு போனால் பாஸ்வேர்ட் காப்பாற்றுமா?

அலுவலக லேப்டாப் திருடு போய்விட்டது என்று யார் வந்தாலும், "டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்ததா?" என்றுதான் முதலில் கேட்பேன். அதாவது, சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி அதிலுள்ள தரவு மாற்றி எழுதப்பட்டிருந்ததா என்று. "பாஸ்வேர்ட் போட்டிருந்தேனே" என்பார்கள். அந்தப் பாஸ்வேர்ட் விண்டோஸுக்குள் நுழைவதை மட்டுமே தடுக்கும். என்கிரிப்ட் ஆகாத டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ, யுஎஸ்பி டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை ஏற்றினாலோ ஒப்பந்தங்கள், சம்பளப் பட்டியல் எல்லாம் அப்படியே திறக்கும். இதற்குப் பெரிய ஹேக்கர் எல்லாம் வேண்டாம்.

முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்யத் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பில் பல கணினிகளில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் கிடைக்கும். மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். லினக்ஸை நிறுவும்போதே லக்ஸைத் தேர்ந்தெடுத்துவிடுவது சுலபம். கணினி மந்தமாகிவிடுமோ என்ற பயம் பழையது. இன்றைய பிராசஸர்களில் ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறைக்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது.

நான் பார்த்தவரை திருடனைவிட அதிகம் பேரை அழவைத்தது ரெக்கவரி கீ, அதாவது வழக்கமான வழியில் டிஸ்க் திறக்காதபோது உதவும் மாற்றுச் சாவிதான். பிட்லாக்கரில் அது 48 இலக்க எண். பல புதிய விண்டோஸ் கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் என்கிரிப்ஷன் தானாகவே தொடங்கிவிடும். பயனருக்கே தெரியாது. அப்புறம் ஒருநாள் மதர்போர்டை மாற்றினால் நீலத்திரை வந்து அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது. ஆகவே இன்றே அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். காகிதத்தில் எழுதினாலும் சரி, லேப்டாப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

இன்னொன்று, மூடியை மூடினால் லேப்டாப் பெரும்பாலும் தூங்கத்தான் செய்கிறது. டிஸ்க்கைத் திறக்கும் சாவி நினைவகத்திலேயே (ரேம்) இருக்கும். மின்சாரம் நின்ற பிறகும் சிறிது நேரம் அதை அங்கிருந்து எடுக்கலாம் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008-இலேயே காட்டினார்கள். பயணத்தின்போது முழுக்க ஷட் டவுன் செய்துவிடுங்கள். புரோ பதிப்பில் கணினி தொடங்கும் முன்பே பின் நம்பர் (PIN) கேட்கும்படி அமைக்க முடியும். முக்கியமான தரவு வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிரமம் தகும் என்பது என் கருத்து.

என்கிரிப்ஷன் தரவை மறைக்கும், திருப்பித் தராது. பேக்கப் தனியாக வேண்டும், அதுவும் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும். லேப்டாப்பைப் பத்திரமாகப் பூட்டிவிட்டு, பூட்டாத எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அதே பையில் போடுகிறவர்களை என்ன சொல்வது? இவ்வளவும் செய்திருந்தாலும், லேப்டாப் போனது தெரிந்த உடனே வேறு கருவியிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி, எல்லா இடங்களிலும் லாக் அவுட் செய்யுங்கள். நிறுவனத்துக்குச் சொல்வதையும் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.