சடை பிடித்த துணியில் ஒரு பிள்ளைப் புத்தகம்

சின்னம்மா கனடாவில் இருந்து வந்தபோது கொண்டு வந்த கம்பளிச் சட்டை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மாங்குளத்து வெயிலில் அதை யார் போடுவது? பல வருடம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒரு மாரியில் பூஞ்சண மணம் வருகிறது என்று அம்மா அதைச் சுடுநீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்துத் தோய்த்துவிட்டார். காய்ந்த பிறகு பார்த்தால், பெரிய ஆளின் சட்டை ஐந்து வயதுப் பிள்ளைக்கு அளவாகச் சுருங்கியிருந்தது. துணி தடித்துப் போய், பின்னல் கண்கள் இருந்த இடமே தெரியவில்லை. ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

சட்டை வீணாகிவிட்டது என்று அம்மாவுக்குக் கவலை. ஆனால் அந்தக் கல்லில் அவர் செய்தது மிகப் பழைய ஒரு துணித் தொழில். அந்தச் சட்டை ஃபெல்ட் ஆகியிருந்தது.

தங்கச்சியின் மகளுக்கு மூன்று வயது. அவளுக்காக ஃபெல்ட் துணியில் ஒரு விளையாட்டுப் புத்தகம் தைத்தேன். குளத்தில் இருந்து கழற்றி எடுக்கக்கூடிய மீன், பனையில் தெறி போட்டுப் பூட்டும் பனங்காய், சுற்றும் சில்லுகளோடு ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், கழுத்து மணியோடு ஒரு பசு என்று ஆறு பக்கம். இப்படிப் புத்தகம் தைக்கிற எல்லோரும் ஃபெல்ட்டையே எடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், ஓரம் பிரியாது என்பார்கள். ஏன் பிரியாது என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே ஊசி போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. நீளமான தலைமயிர் ஒன்றை எடுத்து, வேர்ப்பக்கத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு வைத்து, இரண்டு விரல்களையும் முன்னும் பின்னுமாக உரசுங்கள். விரல்கள் இரண்டு பக்கமும் போய் வந்தாலும் மயிர் ஒரு பக்கமாகத்தான் நகரும். முடிச்சுப் போட்ட வேர்ப்பக்கம் முன்னால் போய்க்கொண்டே இருக்கும்.

மயிரின் மேற்பரப்பில் செதில்கள் இருப்பதுதான் காரணம். கிடுகு வேய்ந்த கூரை போல ஒன்றின் மேல் ஒன்று படிந்து, எல்லாம் நுனியைப் பார்த்துக் கிடக்கும். கூரையில் மேலிருந்து கீழே கை தடவினால் வழுக்கும், கீழிருந்து மேலே தடவினால் கிடுகின் ஓரம் கையைத் தடுக்கும். மயிரிலும் அப்படித்தான். ஒரு திசையில் உராய்வு குறைவு, மறு திசையில் கூட. குளக்கட்டில் நடந்து வரும்போது சாரத்தில் ஏறும் ஒட்டுப்புல் விதையை நினைத்துப் பாருங்கள். அது ஏறிய வழியால் திரும்பி வராது.

செம்மறி ஆட்டின் கம்பளியில் இந்தச் செதில்கள் நம் மயிரில் இருப்பதைவிட எடுப்பாக நிற்கும். மெல்லிய கம்பளி தரும் மெரினோ ஆட்டின் இழை ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு தடிப்புத்தான். நம் தலைமயிர் அதைப் போல மூன்று, நான்கு மடங்கு. மெல்லிய இழை என்பதால் நன்றாக வளையும், சுருளும். சுடுநீரில் இழை உப்பி இளகும், சவர்க்காரம் வழுக்கலைக் கொடுக்கும், கல்லில் அடிக்கும்போது இழைகள் அசையும். ஒவ்வொரு அசைவுக்கும் இழை வேர்ப்பக்கமாகக் கொஞ்சம் ஊர்ந்து, பக்கத்து இழைகளுக்குள் நுழைந்துவிடும். பின்னால் வரச் செதில் விடாது. ஆயிரம் அடிக்குப் பிறகு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி இறுகிப்போகும். தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: சடை பிடித்தல். ஃபெல்ட் என்பது சடை பிடித்த துணி.

நெய்த துணியில் பாவும் ஊடையும், அதாவது நீள நூலும் குறுக்கு நூலும், நேர் நேராக ஓடும். வெட்டினால் ஓரத்து நூலைப் பிடித்திருக்க எதுவும் இல்லை, உருவிக்கொண்டு வந்துவிடும். சடைக்குள் அப்படி உருவக்கூடிய நூலே கிடையாது. எந்தப் பக்கம் வெட்டினாலும், வெட்டிய இடத்தில் இழைகள் ஒன்றையொன்று பிடித்தபடியே நிற்கும். அதனால்தான் மீன் வாலையும் மயில் கொண்டையையும் வெட்டி, ஓரம் மடிக்காமல் அப்படியே வைத்துத் தைக்கலாம். சைபீரியாவின் அல்தாய் மலைப் பக்கம் பசிரிக் என்ற இடத்தில், பனிக்குள் உறைந்து கிடந்த கல்லறைகளை ருஷ்யத் தொல்லியலாளர் செர்கேய் ருதென்கோ தோண்டினார். 1949இல் அங்கே 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைய ஃபெல்ட் திரை ஒன்று கிடைத்தது. குதிரை வீரனின் உருவத்தை ஃபெல்ட்டில் வெட்டி, ஃபெல்ட்டின் மேலேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதோடு, உள்ளே அடைத்துத் தைத்த ஃபெல்ட் அன்னங்களும் கிடைத்தன. பனங்காய்க்குப் பஞ்சு அடைத்துக்கொண்டு இருக்கும்போது அந்த அன்னங்கள் நினைவுக்கு வந்தால் எனக்குக் கை ஒரு நிமிடம் நின்றுவிடும்.

சரி, கிளிநொச்சிக் கடையில் தாள் தாளாக வாங்கும் ஃபெல்ட் கம்பளியா? பெரும்பாலும் இல்லை. அது பொலியெஸ்டர் அல்லது அக்ரிலிக். செதில் இல்லாத வழுவழுப்பான இழை அது. எவ்வளவு சுடுநீரில் அடித்தாலும் தானாகச் சடை பிடிக்காது. அதனால் ஆலையில் வேறு வழி. இழைகளை மெத்தை போலப் பரப்பி, பலகையில் நெருக்கமாக நட்ட ஆயிரக்கணக்கான ஊசிகளால் மேலும் கீழும் குத்துகிறார்கள். ஒவ்வொரு ஊசியின் பக்கத்திலும் சின்னச் சின்ன முள்ளுகள் வெட்டியிருக்கும். தூண்டில் முள் உள்ளே போகும்போது விட்டுக்கொடுத்து, வெளியே வரும்போது பிடிக்கும். இந்த ஊசி அதற்கு நேர் எதிர். இறங்கும்போது மேல் இழைகளைக் கொளுவி அடிவரை இழுத்துப் போகும், ஏறும்போது அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வெறுமையாக வரும். இப்படிக் குத்திக் குத்தியே மெத்தை துணியாகிறது.

வன்னிக்கு இந்தப் பொலியெஸ்டர் ஒரு விதத்தில் நல்லது. மாரிக் காற்றில் கம்பளி தன் எடையில் 16 சதவீதமோ அதற்கு மேலுமோ ஈரத்தை உறிஞ்சும். பொலியெஸ்டர் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. செம்மண்ணில் புரண்ட புத்தகத்தைத் தோய்த்தால் சீக்கிரம் காயும், சுருங்காது. ஆனால் சூட்டுக்கு ஆகாது. அழுத்திப் பெட்டியை நேரே வைத்தால் இழைகள் உருகிப் பளபளப்பாகிவிடும். ஈரப் பருத்தித் துணியை மேலே விரித்து, குறைந்த சூட்டில் பிடிக்க வேண்டும்.

இழைகளின் பிடியை மட்டும் நம்பி நிற்கும் துணி, இழுவைக்கு நெய்த துணி அளவுக்குத் தாங்காது. நான் முதல் தைத்த மீனில் ஓரத்தோடு ஒட்டி, மிக நெருக்கமாகத் தையல் போட்டேன். முத்திரையின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டது மாதிரி ஆகி, பிள்ளை இரண்டு தரம் இழுத்ததும் அந்தக் கோட்டிலேயே கிழிந்தது. ஓரத்தில் இருந்து மூன்று, நான்கு மில்லிமீற்றர் உள்ளே, அதே அளவு இடைவெளி விட்டுக் கம்பளித் தையல் போட்டால் நிற்கும். கம்பளிப் போர்வையின் ஓரத்துக்குப் போட்டுவந்த தையல் என்பதால்தான் அந்தப் பெயர். அதில் நூல் ஓரத்தைச் சுற்றி வளைத்து, ஒவ்வொரு தையலும் அடுத்ததைக் கொளுவிக்கொண்டு போகும். ஒரு இடத்தில் இழுத்தால் பாரம் பக்கத்துத் தையல்களுக்கும் பகிரப்படும்.

தெறி போகும் துளைக்கு ஃபெல்ட்டில் ஒரு கீறல் போதும். ஆனால் கிழிசல் எப்போதும் கீறலின் இரண்டு முனைகளில்தான் தொடங்கும். இழுவை எல்லாம் அங்கே வந்து குவிகிறது. முனைகளில் மூன்று நான்கு தையல் குறுக்கே போட்டுவிடுங்கள். தெறி தைக்கும்போது தெறிக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வையுங்கள். தைத்து முடிந்ததும் குச்சியை உருவி, தளர்ந்து நிற்கும் நூலைச் சுற்றி நாலைந்து சுற்றுச் சுற்றினால் தெறிக்கு ஒரு சின்னக் கழுத்து வந்துவிடும். தடித்த ஃபெல்ட் அந்தக் கழுத்தில் வசதியாக உட்காரும்.

தெறிக்குக் கீழே கிடைக்கும் அந்த இடைவெளி பிள்ளையின் விரலுக்கு மிகவும் வேண்டும், அவள் கை இன்னும் வளர்ந்து முடியவில்லை. பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் அநேகமாகக் குருத்தெலும்புதான். எட்டும் எலும்பாகத் தொடங்கவே பத்துப் பன்னிரண்டு வயது வரை ஆகும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளி எடுப்பது ஒரு வயதை ஒட்டி வந்துவிடும், ஆனால் தெறி பூட்ட இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்ய வேண்டும். எங்கள் பிள்ளை முதலில் கழற்ற மட்டும் பழகினாள். பூட்ட இன்னும் சில மாதம் எடுத்தது.

மீனுக்கு வெல்க்ரோ வைத்தேன், ஒரு துண்டில் சின்னக் கொளுக்கிகளும் மறு துண்டில் வளையங்களுமாக ஒட்டும் பட்டி அது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல் 1941இல் நாயோடு மலைக்குப் போய் வந்து, நாயின் மயிரில் ஒட்டியிருந்த காய்களை நுணுக்குக்காட்டியில் பார்த்ததில் இருந்து பிறந்தது அது. நம் வரம்பு நாயுருவியும் அதே குணம்தான். வெல்க்ரோவைப் பக்கவாட்டில் இழுத்தால் எல்லாக் கொளுக்கிகளும் சேர்ந்து எதிர்க்கும். மூலையில் இருந்து உரித்தால் ஒரு நேரத்தில் ஒரு வரிசைதான் விடுபடும். ஆகவே மீனின் வாலை ஒட்டாமல் தொங்க விடுங்கள். பிள்ளை வாலைப் பிடித்து உரிப்பாள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான சாமான்களைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடும். சட்டைத் தெறி அதற்குள் தாராளமாக அடங்கும். சின்னப் பிள்ளைக்குத் தெறிப் பக்கம் வேண்டாம், பெரிய பிள்ளைக்கும் வாரம் ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். காந்தம் எந்த வயதுக்கும் வைக்காதீர்கள். இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும்.

பக்கங்களைக் கட்டும் முதுகுக்கு ஃபெல்ட் வேண்டாம். திரும்பத் திரும்ப மடிபடும் இடத்தில் இழைகள் நழுவிவிடும். பழைய பருத்திச் சேலையின் கரையை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தேன்.

மூன்று மாதத்தில் குளத்துப் பக்கத்தில், மீன் ஒட்டும் இடத்தைச் சுற்றிப் பஞ்சு எழும்பியது. வெல்க்ரோவின் கொளுக்கி துண்டின் ஓரத்தைத் தாண்டிப்போய் ஃபெல்ட்டைப் பிடித்திருக்கிறது. பிள்ளை அந்தப் பஞ்சை நகத்தால் கிள்ளி இழுத்துக்கொண்டு இருந்தாள். இழுக்கக் கூடாது, ஒரு இழையை இழுத்தால் அது பிடித்திருந்த மற்ற இழையும் கூட வரும். கத்தரிக்கோலைப் படுக்க வைத்து, மேலே நின்றதை மட்டும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தாமரை இலையை வைத்துத் தைத்தேன்.