கழற்றி வைத்துவிட்டுக் குதிக்கும் துணி

சென்ற வாரம் வாசகர் ஒருவர் ஒரு வீடியோவை அனுப்பி இப்படிக் கேட்டிருந்தார்: “பாலத்தின் கைப்பிடிக்கு வெளியே நின்று ஒருவர் குதிக்கிறார். முதுகில் ஒரே ஒரு பாராசூட். விமானத்திலிருந்து குதிப்பவர்களிடம் மாற்றுப் பாராசூட்டும் இருக்கும் என்று படித்திருக்கிறேன். நான்காயிரம் மீட்டரிலிருந்து குதிப்பவருக்கு இரண்டு, நூற்றைம்பது மீட்டரிலிருந்து குதிப்பவருக்கு ஒன்றா? கணக்கு தலைகீழாக இருக்கிறதே?”

வீடியோவில் இருப்பது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ட்வின் ஃபால்ஸ் ஊரை ஒட்டி ஸ்னேக் ஆற்றின் மேல் நிற்கும் பெரின் பாலம். உயரம் 148 மீட்டர். அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமல் வருடம் முழுக்கக் குதிக்கலாம் என்பதால் பேஸ் ஜம்பிங் பழகுகிறவர்கள் தேடிப்போகும் இடம் அது. பேஸ் என்பது பில்டிங், ஆன்டெனா, ஸ்பான், எர்த் என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள். கட்டடம், ஆன்டெனா கோபுரம், பாலம், மலை விளிம்பு. 1978-ல் கலிபோர்னியாவின் எல் கேபிடன் பாறையிலிருந்து குதித்தவர்களைப் படம் பிடித்த கார்ல் போனிஷும் அவருடைய நண்பர்களும் வைத்த பெயர். நான்கிலிருந்தும் குதித்து முடித்தவருக்கு வரிசை எண் தருவார்கள். கார்ல் நான்காம் எண், அவர் மனைவி ஜீன் மூன்றாம் எண்.

சரி, கணக்குக்கு வருவோம். காற்றின் தடையை விட்டுவிட்டால் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறோம். இரண்டாம் நொடி முடியும்போது 19.6, மூன்றாவது முடியும்போது 44. பாலத்திலிருந்து ஆறு வரை மொத்தம் ஐந்தரை நொடி. விமானத்திலிருந்து குதிப்பவர் மயங்கியே போனாலும் மாற்றுப் பாராசூட்டைத் தானாகத் திறந்துவிடும் சிறு கருவி ஒன்று உண்டு. அதில் பரவலாகப் பயன்படும் வகை தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில் வேலை செய்யும். பெரின் பாலமே அதைவிடத் தாழ்வு. முதல் குடை சரியில்லை என்று புரிந்துகொண்டு, அதைக் கழற்றிவிட்டு, இரண்டாவதைத் திறக்க அங்கே நேரம் கிடையாது. அதனால் மாற்றுக் குடைக்குச் செலவாக வேண்டிய யோசனை முழுவதையும் அந்த ஒரே குடைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் குடை பழைய போர்ப்படங்களில் வரும் வட்டக் குடை அல்ல. 1964-ல் டொமினா ஜால்பர்ட் உருவாக்கிய வடிவத்தின் வழித்தோன்றல். இரண்டு அடுக்குத் துணி, நடுவே வரிசையாக அறைகள், முன்பக்கம் திறந்த வாய். காற்று உள்ளே புகுந்ததும் உப்பி விமான இறக்கைபோல ஆகிவிடும். பேஸ் குடைகளில் பெரும்பாலும் ஏழு அறைகள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது இன்னொரு துணியைப் பற்றி.

விமானத்திலிருந்து குதித்தவர் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருப்பார். அந்த வேகத்தில் குடை ஒரே வீச்சில் விரிந்தால் துணி கிழியும், கயிறு அறும், மனிதருக்கும் பலத்த அடி விழும். இதைத் தடுப்பது ஸ்லைடர் என்கிற சின்னத் துணி. நீள்சதுரம். நான்கு மூலையிலும் நான்கு உலோக வளையங்கள். குடையிலிருந்து இறங்கும் கயிறுகளை முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம் என்று நான்காகப் பிரித்து அந்த வளையங்களுக்குள் கோர்த்திருப்பார்கள். மடிக்கும்போது ஸ்லைடரைக் குடையின் அடிவயிறு வரை மேலே தள்ளிவிடுவார்கள். இப்போது அது சுருக்குப்பையின் வாயை இறுக்கிய மாதிரி எல்லாக் கயிறுகளையும் நெருக்கி வைத்திருக்கும்.

குடை வெளியே வந்ததும் இழுபறி தொடங்குகிறது. விரியத் துடிக்கும் குடை கயிறுகளை நாலாபக்கமும் அகட்டி ஸ்லைடரைக் கீழே தள்ளுகிறது. கீழிருந்து மோதும் காற்றோ ஸ்லைடரை மேலேயே பிடித்து வைக்கிறது. காற்று மோதும் விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆரம்பத்தில் வேகம் அதிகம், அதனால் காற்று ஜெயிக்கிறது. குடை பாதி மூச்சு மட்டும் இழுத்தபடி இருக்கும். அந்தப் பாதி மூச்சே வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறையக் குறைய ஸ்லைடரைத் தாங்கும் காற்று தளர்கிறது, அறைகள் நிறைய நிறைய குடையின் கை ஓங்குகிறது. ஸ்லைடர் கயிறுகளின் வழியே சரசரவென்று இறங்கித் தலைக்கு மேல் வந்து படபடக்கிறது. குடை முழுதாகத் திறந்துவிட்டது.

மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. வேகமாக விழுகிறவருக்கு அதிக நேரம் தடுத்து, மெதுவாக விழுகிறவருக்குச் சீக்கிரம் வழிவிட வேண்டும் என்ற தீர்ப்பை நாலு வளையம் தைத்த ஒரு துணி வழங்குகிறது. பொறியியலில் எனக்கு இதைவிடப் பிடித்த பொருள் அதிகம் இல்லை.

ஆனால் பெரின் பாலத்தில் குதிப்பவர் அதைத்தான் முதலில் கழற்றி வைக்கிறார். காரணம், ஸ்லைடரோடு நிதானமாகத் திறக்கும் குடை 200 மீட்டர் வாக்கில் விழுங்கிவிடும். அவரிடம் இருப்பதோ 148. இரண்டு நொடி விழுந்தவரின் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். விமானத்திலிருந்து குதித்தவரின் மேல் மோதும் காற்றில் எட்டில் ஒரு பங்குதான் இவர்மேல் மோதுகிறது. குடை வேகமாக விரிந்தாலும் உடம்பும் துணியும் தாங்கும். அதே காரணத்தால் குடையை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட் மட்டும் பெரியதாகிறது. நீண்ட நேரம் விழுபவருக்கு 32 அங்குல அகலம் போதும். தாழ்வான பாலத்துக்கு 48 அங்குலம் வேண்டும். மெலிந்த காற்றைப் பெரிய கையால் அள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்லைடர் போனதும் வேறொரு தொல்லை வருகிறது. கட்டுக்குள் இல்லாத பின்பக்கக் கயிறு ஒன்று துள்ளிக் குடையின் முன்பக்கமாக விழுந்துவிட்டால் குடை இரண்டாக மடங்கும். அதற்காகப் பின்விளிம்புக் கயிறுகளைச் சேர்த்து ஒரு சின்ன ரப்பர் பேண்டு போடுகிறார்கள். டெயில்கேட் என்று பெயர். குடை உப்பும்போது அதுவே விடுபட்டுவிடும். அப்படியும் கயிறு மேலே விழுந்தால், குடையைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் பிரேக் கயிற்றை மொத்தமாகக் கழற்றிவிடும் வசதி, அந்தக் கயிற்றின் முனையில் குதிப்பவர் பிடிக்கும் பிடியிலேயே இருக்கிறது.

விரிவதை நிதானப்படுத்தும் இதே சிக்கல்தான் ககன்யான் திட்டத்திலும். மனிதர்கள் வரும் கலத்தை இறக்கப் பத்துப் பாராசூட்டுகள். பெரிய பாராசூட்டுகளின் விளிம்பைக் கயிற்றால் சுருக்கி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கயிற்றை வெட்டிப் படிப்படியாக விரிய விடுகிறார்கள். இஸ்ரோவோடு ஆக்ராவில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம் சேர்ந்து செய்யும் வேலை. காற்று துணியை வளைக்கிறது, வளைந்த துணி காற்றின் போக்கை மாற்றுகிறது. இரண்டையும் சேர்த்துக் கணிப்பொறியில் துல்லியமாகப் போட்டுப் பார்ப்பது இன்றும் கடினம். ராக்கெட் எஞ்சினுக்குத் தரும் மதிப்பை இந்தத் துணி ஆராய்ச்சிக்கும் தர வேண்டும் என்பது என் கருத்து. பொறியியல் கல்லூரிகளில் நல்ல காற்றுச் சுரங்கங்களுக்குப் பணம் ஒதுக்கினால் நம் பிள்ளைகள் இதில் கைவைப்பார்கள்.

பாலத்தில் பழகியவர்கள் அப்புறம் மலைக்குப் போகிறார்கள். நார்வேயின் ஷெராக் போன்ற ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஸ்லைடர் திரும்ப வந்துவிடும். ஆனால் முதுகுக்குப் பின்னால் பாறை இருக்கும். குடை திசை தவறித் திறந்தால் ஆளைப் பாறையை நோக்கியே கொண்டுபோகும். கார்ல் போனிஷ் 1984-ல் நார்வேயின் ட்ரோல்வெகன் பாறையிலிருந்து குதித்து இறந்துபோனார். இந்த விளையாட்டில் இறந்தவர்களின் பட்டியலை ஜம்பர்களே வைத்திருக்கிறார்கள். 400 பேருக்கும் மேல். எங்கே, எந்தக் குடை, என்ன காற்று, மடித்ததில் என்ன பிழை என்று தெரிந்த மட்டும் எழுதி வைக்கிறார்கள். புதிதாக வருபவரை முதலில் அதைப் படிக்கச் சொல்கிறார்கள். விபத்து நடந்தால் “அவன் நேரம் முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு நகரும் பழக்கம் நம்மிடம் உண்டு. சாலை விபத்திலும் அப்படித்தான், பட்டாசு ஆலை விபத்திலும் அப்படித்தான். நண்பனை இழந்த துக்கத்திலும் ரப்பர் பேண்டு எங்கே இருந்தது என்று கேட்கிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது.

அவர்களுடைய நட்பைப் புரிந்துகொள்ள அந்த வீடியோவின் முதல் சில நொடிகளைத் திரும்பப் பாருங்கள். குதிப்பவருக்குப் பின்னால், கைப்பிடிக்கு உள்ளே இன்னொருவர் நிற்கிறார். அவர் கையில் இருப்பது குதிப்பவரின் சின்னப் பாராசூட். புதியவர்களின் முதல் குதிப்புகளை இப்படித்தான் தொடங்கி வைக்கிறார்கள். குதித்ததும் அதைப் பெரிய குடையோடு இணைக்கும் ஒன்பது அடி நாடா இழுபடும், பை திறக்கும், கயிறுகள் நீளும். அதற்குப் பிறகுதான் அந்தத் துணி நண்பரின் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு போகும். எல்லாம் ஒரு நொடி. முன்கூட்டியே விட்டாலும் ஆபத்து, விடாமல் பிடித்தாலும் ஆபத்து. கடைசியாகக் குதிப்பவருக்குப் பிடிக்க ஆள் இருக்காது. அவர் நாடாவைக் கைப்பிடிக் கம்பியோடு ஒரு நூலால் கட்டிவிட்டுக் குதிப்பார். நண்பரின் விரல்கள் செய்த வேலையை, குறிப்பிட்ட இழுவிசையில் அறுந்துபோகும் அந்த நூல் செய்யும்.