லட்சம் குஞ்சுகள் சரி, பெற்றோர் எத்தனை?

வலசை போகும் ஆற்றுமீன் குறைந்தால் பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து ஆற்றில் விடுகிறோம். எத்தனை லட்சம் விட்டோம் என்பது பதிவேட்டில் இருக்கும். எத்தனை பெற்றோருக்குப் பிறந்தவை என்பது பெரும்பாலும் இருக்காது. மரபணு வேறுபாட்டைத் தீர்மானிப்பதோ இரண்டாவது எண்தான்.

100 சினைப்பருவ மீன் பிடித்ததில் பெண் 95, ஆண் 5 என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி, மறுபடி 4ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் வருவது 19. மரபியல் கணக்கில் உங்களிடம் இருப்பது அவ்வளவே; இதைப் பயனுறு எண் என்பார்கள். 50க்கு 50 என்றால் முழு 100 கிடைக்கும். ஒரு தலைமுறையில் ஏறும் உட்கலப்பு (உறவுக்குள்ளேயே இனம்பெருகுவது) முதல் வகையில் 2.6 சதவீதம், அடுத்ததில் 0.5.

இந்தக் கணக்கையும் கெடுப்பது விந்துக் கலவை. பல ஆண்களின் விந்தை ஒரே கிண்ணத்தில் சேர்த்து ஊற்றினால் எல்லாருக்கும் பங்கு கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கிடைக்காது. சால்மன் இன விந்தணு தண்ணீர் பட்டதும் அரை நிமிடம் நீந்தினாலே அதிகம். முந்தும் ஒன்றிரண்டு ஆண்களே பெரும்பாலான முட்டைகளைப் பிடித்துவிடும். ஒரு பெண்ணின் முட்டையை 3, 4 பங்காகப் பிரித்து, பங்குக்கு ஓர் ஆண் என்று சேருங்கள். தண்ணீர் விட்டுச் சில நிமிடம் கழிந்தபின் ஒன்றாகக் கொட்டலாம். ஆற்றில் விடும்போது குடும்பத்துக்குச் சம எண்ணிக்கை. நிறைய பிழைத்த குடும்பத்தை வைத்து எண்ணிக்கையை நிரப்புவதுதான் பலரும் செய்வது, அதை விட்டுவிடுங்கள்.

பெற்றோரைப் பருவம் முழுக்கப் பிடிக்க வேண்டும். ஆறேறும் காலம் மரபுவழி வருவது; முதல் வாரத்திலேயே தொட்டி நிரம்பிவிட்டால் பிந்தி வரும் மீன்களின் வழித்தோன்றல்கள் மெல்லத் தேய்ந்துபோகும்.

அதிகம் விட்டால் நல்லது என்பதும் தவறு. மரபியலாளர்கள் ரைமனும் லைக்ரேயும் 1991இல் காட்டிய கணக்குப்படி, 200 என்ற பயனுறு எண்ணுள்ள காட்டு மீன்கூட்டத்தில், 20 பெற்றோரின் பொரிப்பகக் குஞ்சுகள் அடுத்த தலைமுறையில் பாதிப் பங்கைப் பிடித்துவிட்டால் அந்த 200 சுமார் 73ஆகச் சரியும். பொரிப்பக வாழ்க்கையே எந்த மீன் தழைக்கும் என்று வடிகட்டும் சல்லடையும்கூட: அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஹூட் ஆற்றில் வாழும் ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட்) மீன்களில், பொரிப்பகத்தில் வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் இனப்பெருக்கத் திறன் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

எனவே பெற்றோர் ஒவ்வொன்றிலும் சிறு துடுப்புத்துண்டு வெட்டி 95 சதவீத எத்தனாலில் வையுங்கள். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், எத்தனாலில் மை கரையும். பின்னாளில் பிடிபடும் மீன் எந்தப் பெற்றோருடையது என்பதை அந்தத் துண்டே சொல்லும். ஆற்றில் குஞ்சு மாதிரி எடுப்பவர்கள் ஒரே மடுவில் வலை வீச வேண்டாம். கையில் சிக்கும் 40 குஞ்சுகளும் உடன்பிறப்புகளாக இருக்கக்கூடும்.