கரண்ட் வைத்து முடித்த பிறகும் வாய் ஏன் வறள்கிறது?

வாய்ப் புற்றுநோய்க்கோ தொண்டைப் புற்றுநோய்க்கோ கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்துக்கொள்பவர்கள் கடைசி நாள் எப்போது வரும் என்றே காத்திருப்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம், மொத்தம் 60 முதல் 70 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கதிர்வீச்சு. அது முடிந்த சில வாரங்களில் வாய்ப்புண் ஆறும், கறுத்த தோல் உரிந்து புதுத்தோல் வரும். ஆனால் மாதங்கள் கடந்தும் ஒரு வாய் இட்லிகூடத் தண்ணீர் குடிக்காமல் இறங்காது. நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்துபோகிறவர்கள் பலர்.

கதிர்வீச்சு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை உடைக்கிறது. உடைந்த டி.என்.ஏ.வோடு இரண்டாகப் பிரியப் பார்க்கும்போதுதான் பெரும்பாலான செல்கள் சாகின்றன. தோலும் வாயின் உட்புறச் சவ்வும் அடிக்கடி பிரிந்து புதுப்பித்துக்கொள்பவை. அதனால் பாதிப்பும் உடனே தெரியும், ஆறுவதும் சீக்கிரம் நடக்கும். தசை, எலும்பு, நுண்ணிய ரத்தக் குழாய்கள் எல்லாம் நிதானமானவை. அங்கே குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன, மிருதுவாக இருந்த இடத்தில் நார்த்திசு படிகிறது. இது வெளியே தெரிய மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள்கூட ஆகும்.

உமிழ்நீர்ச் சுரப்பி இந்தக் கணக்கில் அடங்காத விசித்திரம். அதன் செல்கள் அவ்வளவு வேகமாகப் பிரிவதில்லை. ஆனாலும் சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே சுரப்பு குறைய ஆரம்பித்துவிடும். காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய சுரப்பி வாங்கும் கதிர்வீச்சு சராசரியாக 26 கிரேக்குள் நின்றால், ஓரிரு ஆண்டுகளில் அது பெரும்பாலும் மீண்டுவிடும். கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் அந்தச் சுரப்பியைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். பிரிட்டனில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஓராண்டு கழித்தும் வாய் வறட்சி கணிசமாக இருந்தது, ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களில் அது 38 சதவீதம். பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் நூற்றில் அந்த 38 பேரின் சாப்பாட்டு நேரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் பாட்டிலைக் கூடவே வைத்துக்கொள்வது, சாதத்தை ரசமோ மோரோ விட்டுக் குழையப் பிசைவது, சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்வது எல்லாம் உதவும். பைலோகார்பின் மாத்திரை, மிச்சமிருக்கும் சுரப்பி செல்களைத் தூண்டிவிடும், வியர்வையையும் கூட்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் சிலவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

வறட்சியைவிட எனக்குக் கவலை தருவது பல். உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கிறது, பல்லுக்குக் கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அது இல்லாதபோது ஈறை ஒட்டிய பகுதியில் சொத்தை மளமளவென்று பரவும். அதனால்தான் சாதாரணப் பேஸ்ட்டைப்போல் பல மடங்கு ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டையோ ஜெல்லையோ எழுதிக்கொடுக்கிறார்கள். அதை நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், சொத்தை விழுந்த பல்லைப் பிடுங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தாடை எலும்பு பெரும்பாலும் ஒரே தமனியை நம்பி இருக்கிறது. கதிர்வீச்சால் அதன் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும்போது பல் பிடுங்கிய குழி மூடாமலேயே கிடந்து, எலும்பு செத்து வெளியே தெரியும் நிலைகூட வரலாம். மேல்தாடையில் இந்த ஆபத்து குறைவு. பத்து வருடம் ஆகிவிட்டதே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது, அந்த ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, “எனக்கு இந்தப் பக்கம் கரண்ட் வைத்திருக்கிறார்கள்” என்பதுதான். டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையில் கொண்டுபோங்கள். எந்த இடத்துக்கு எத்தனை கிரே என்று பார்த்து, பிடுங்காமல் வேர் சிகிச்சையிலேயே முடிக்கலாமா என்று அவர் யோசிப்பார்.

மெல்லும் தசையில் நார்த்திசு படிந்தால் வாய் திறப்பது குறையும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக, நிறுத்தினாற்போல் பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம். 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதை வாய்ப்பூட்டு என்றே கணக்கில் எடுப்பார்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைச் சொல்லித் தருவார்கள். இறுகிப்போன நாரை நீட்டுவது கடினம் என்பதால், வாய் நன்றாகத் திறக்கும்போதே இதைத் தொடங்கிவிட வேண்டும். தினமும் செய்ய அலுப்பாகத்தான் இருக்கும். வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஞாபகப்படுத்தினால் நடக்கும்.

புதிதாகக் கட்டி, ஆறாத புண், நாளுக்கு நாள் கூடும் வலி, எடை இறக்கம் இதில் எது வந்தாலும் “பக்கவிளைவுதானே” என்று விட்டுவிடாமல் அடுத்த செக்கப்புக்குக் காத்திராமல் போங்கள்.

சோர்வையும் அப்படி விடக் கூடாது. கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு மெல்லக் குறைவது சாதாரணம். உடல் கனக்கும், குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும். வயசாகிவிட்டது, சிகிச்சை உடம்பை உருக்கிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்தால் போதும், சுரப்பு குறைந்திருந்தால் தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.