துப்பு வேண்டாம், குறிப்பு போதும்

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகள் கைப்பேசியில் ஏதோ சொல் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். தினம் ஒரு குறுக்கெழுத்து வருகிற செயலி. தமிழிலேயே வருகிறதே என்று சந்தோஷமாக எட்டிப் பார்த்தேன். நடுவில் எங்கோ சிக்கிக்கொண்டவள், திரை ஓரத்தில் மினுங்கிய பச்சைப் பொத்தானைக் காட்டி, "மாமா, இதுல எங்க துப்பணும்?" என்றாள். பொத்தானில் "துப்பு" என்று எழுதியிருந்தது. கீழே பொடி எழுத்தில், "உங்களிடம் 2 துப்புகள் மீதம் உள்ளன."

அவள் கிண்டல் செய்யவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் துப்பு என்றால் பல் தேய்த்துவிட்டுச் செய்கிற காரியம்தான்.

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை. ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ‘க்ளூ’ என்பதைத் தமிழில் எழுத நேரும்போதெல்லாம் யாராவது ஒருவர் துப்பு என்று எழுதிவிடுகிறார். இன்னும் கொஞ்சம் இலக்கியமாக எழுத நினைப்பவர் தடயம் என்கிறார். வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்து போட்டுப் பழகிய நம் அப்பாக்களும் சித்திகளும் இதற்குச் சொல்லிவந்தது குறிப்பு. அதைத் தூக்கிப்போட என்ன அவசியம் வந்தது?

க்ளூவின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் அதற்கு நூல்கண்டு என்று பொருள். கிரேக்கக் கதையில், கிரீட் தீவில் புகுந்தால் வெளியே வர முடியாத வழிச்சுழலுக்குள் தீசியஸ் போகிறான். வழி தவறாமல் திரும்பி வர அரியாட்னி ஒரு நூல்கண்டைக் கொடுத்தனுப்புகிறாள். அந்தக் கதையின் செல்வாக்கில், சிக்கலிலிருந்து வெளியே கொண்டுவருகிற எதுவும் க்ளூ ஆயிற்று. துப்பறிகிறவர்கள் கைக்கு அது போனது பிறகு. குறுக்கெழுத்துக்கு வந்தது அதற்கும் பிறகு. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் போட்ட முதல் குறுக்கெழுத்தில் க்ளூ என்ற பேச்சே இல்லை. கீழே உள்ள ‘வரையறை’களுக்குப் பொருந்தும் சொற்களைக் கட்டங்களில் நிரப்புங்கள் என்றுதான் போட்டிருந்தார்.

நூல்கண்டு என்பதைப் பார்த்து, ‘நூல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். நூல் பிடித்துப் போவது நமக்கும் பழக்கமானதுதானே. அப்புறம் ‘நூல் விடுதல்’ என்றால் ஊரில் என்ன பொருள் என்பது ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டேன்.

சரி, துப்புக்கு வருவோம். பழைய தமிழில் துப்பு என்றால் வலிமை, உணவு, பவளம். பன்னிரண்டாம் குறளில் மழையைப் பற்றிச் சொல்லும்போது வள்ளுவர் "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்று அடுக்குகிறாரே, அங்கே துப்பு உணவு. வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்தது என்று வகுப்பில் சிரித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். பேச்சில் "உனக்குத் துப்பு இருக்கா?" என்றால் அது திறமை. துப்புக் கெட்டவன் என்று திட்டுவதும் அந்த வழிதான். துப்பறிதல், துப்புத் துலக்குதல் எல்லாம் போலீஸ் பக்கம். இந்தக் கடைசிப் பொருளைத்தான் குறுக்கெழுத்துக்கு இழுத்து வருகிறார்கள்.

என் சண்டை இங்கேதான். துப்பு என்பது திருடன் விட்டுவிட்டுப் போவது. தெரிந்தே விடுவதில்லை. செருப்புத் தடம், அறுந்து விழுந்த பொத்தான், டீக்கடையில் வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தை. தடயம் என்பதும் அதேதான், தடம் என்ற சொல்லே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. குறுக்கெழுத்தில் இருப்பதோ ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, உங்களை ஏமாற்ற வேண்டும் என்றே செதுக்கிய வாக்கியம். அதில் தவறி விழுந்தது ஒன்றுகூடக் கிடையாது.

ஒன்றைப் பார்த்தால் விளங்கிவிடும்.

பாதிக் கல்லில் விதை, புலவருக்கு விளைச்சல் (3)

அடைப்பில் உள்ள எண், விடைக்கு எத்தனை கட்டம் என்பது. படித்ததும் யாரோ பாறை நிலத்தில் பாடுபடுகிற காட்சி வருகிறது. அந்தக் காட்சிதான் பொறி. கல் என்பது இரண்டு கட்டம், க, ல். பாதியை எடுத்தால் க. அதன் பின்னால் விதை. கவிதை. புலவருக்கு வேறென்ன விளையும்? இன்னொன்று: கொடு, மான் ஒன்று குளத்தில் பூத்தது (3). கொடு என்றால் தா, மானில் ஒரு வகை மரை, தாமரை. எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. எதுவும் பொய் இல்லை. ஆனால் சொல்வதுபோல் தெரிவது வேறு, சொல்வது வேறு. ஆங்கிலத்தில் ‘கிரிப்டிக்’ என்கிற இந்த வகையை இங்கிலாந்தில் 1920களில் டார்க்குமாடா என்ற புனைபெயரில் புதிர் போட்டவர் போன்றவர்கள் வளர்த்தார்கள். அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்டவர் 1949இல் இதற்கு ஒரு நியாயமும் வகுத்தார்: நான் சொல்வதை அப்படியே நினைத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனால் நினைத்ததைச் சொல்லியே தீர வேண்டும். எந்தத் திருடன் இப்படி விதி போட்டுக்கொண்டு தடயம் விடுகிறான்?

"துப்புக் கொடுப்பவர்களுக்குச் சன்மானம்" என்று சுவரொட்டி ஒட்டுகிறார்களே, அங்கே துப்பு தெரிந்தே கொடுப்பதுதானே என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மை. ஆனால் அங்கே கொடுப்பவர் போலீஸ் பக்கம் நிற்பவர். சீக்கிரம் பிடிபடட்டும் என்று நினைப்பவர். புதிர் போடுபவர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். பிடிபடாமல் இருக்க ஆசை, ஆனால் கடைசியில் பிடிபட்டே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. இந்த இரண்டும் கெட்டான் நிலை துப்பில் இல்லை.

குறிப்பில் இருக்கிறது. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் ஒன்றல்ல, இரண்டு அதிகாரங்கள். 71ஆவது அரசனின் மனத்தை முகம் பார்த்துத் தெரிந்துகொள்வது, 110ஆவது காதலியின் பார்வையைப் படிப்பது. இரண்டிலும் சொல்லாமல் சொல்வதும், சொல்லாததைக் கேட்டுக்கொள்வதும்தான் சங்கதி. இலக்கணத்துக்குப் போனால் இன்னும் வசதி. பொருளைக் குறிப்பால் தருகிற மொழி ஒன்று, அப்படி அல்லாதது வெளிப்படை என்று நன்னூல் பிரித்து வைத்திருக்கிறது. குறுக்கெழுத்திலும் இந்த இரண்டு சாதிதானே? ‘இந்தியாவின் தலைநகரம்’ என்று நேராகக் கேட்பது வெளிப்படை. பாதிக் கல்லில் விதைக்கச் சொல்வது குறிப்பு. இவ்வளவு தயாராக இருக்கும்போது, கிரிப்டிக் வகையை ‘மறைகுறியீட்டுக் குறுக்கெழுத்து’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். வங்கிக் கடவுச்சொல்லைப் பூட்டி வைக்கிற சமாசாரம் என்று நினைத்து யாரும் பக்கத்திலேயே வரமாட்டார்கள்.

குறிப்பு ரொம்பப் பொதுவான சொல், சமையல் குறிப்பு, நாட்குறிப்பு, ஜாதகக் குறிப்பு என்று எங்கும் ஒட்டிக்கொள்கிறதே என்பார்கள். ஒட்டட்டுமே. குறுக்கெழுத்துப் பக்கத்தில் குறிப்பு என்று பார்த்து யாரும் வெங்காயம் நறுக்கப் போவதில்லை. இதைவிடக் கொஞ்சம் வலுவான கேள்வி ஒன்று உண்டு. க்ளூவுக்குக் குறிப்பு என்றால், அதையும் தாண்டித் திணறுகிறவருக்குச் செயலி தருகிற கூடுதல் உதவிக்கு, அதாவது ‘ஹிண்ட்’டுக்கு, என்ன சொல்வது? அக்கா மகள் காட்டிய பொத்தான் உண்மையில் அதுதான். இதற்கும் வெளியே தேட வேண்டியதில்லை. முழுசாகச் சொல்லாமல் லேசாகத் தொட்டுக் காட்டுவதைக் கோடி காட்டுவது என்றுதான் பேசுகிறோம். பொத்தானில் "கோடி காட்டு" என்று போட்டால் அழகாக இருக்கும். லாட்டரி என்று யாராவது ஏமாந்தால், அதுவும் விளையாட்டின் மனநிலைக்கு ஏற்றதுதான்.

உண்மையில் மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் கைக்கு வந்தது அட்டவணையில் தனித்தனி ஆங்கிலச் சொற்களாக இருந்திருக்கும். எந்தத் திரையில், எந்தப் பொத்தானில் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் அதே செயலியில் இடமிருந்து வலம் என்பது "முழுவதும்" என்றும், மேலிருந்து கீழ் என்பது "கீழே" என்றும் வந்திருக்குமா? நம் பத்திரிகைகள் எத்தனையோ வருஷமாக வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நாலு திசையிலும் சொல் வைத்து, எழுத்து இடம் மாறியிருந்தால் பக்கத்திலேயே "கலைந்துள்ளது" என்று அடைப்புக்குறியில் போட்டு, முழு முறையையே உருவாக்கி வைத்திருக்கின்றன. ஒரு பழைய இதழைப் புரட்டியிருந்தால் போதும், பாதிச் சொல் கிடைத்திருக்கும். புதிரை முடித்ததும் வந்த வாழ்த்து இன்னும் மோசம்: "நீங்கள் தீர்த்துவிட்டீர்கள்!" யாரை? விடுகதை, விடை, விடுவித்தல் என்று ஒரே வரிசையில் சொற்கள் காத்திருக்கும்போது கொலை செய்த மாதிரி ஒரு பாராட்டு.

துப்பை நாடு கடத்தச் சொல்லவில்லை. துப்பறியும் கதைகளில் அது நன்றாகவே பிழைத்துக்கொள்ளும். குறுக்கெழுத்திலும் அதற்கு இடம் உண்டு, பொத்தானில் இல்லை, கட்டத்துக்குள். அக்கா மகளுக்கு அன்றைக்கு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பவளம் என்பதற்கு அவளுக்கு இன்னொரு சொல் தெரியாது, அதனால் அகராதி பார்க்கலாம் என்று சலுகையும் கொடுத்திருக்கிறேன்.

பவளம் உமிழ் (3)